முதல் பெரிய பெட்டி

35 மி.மீ. பிலிமில் கொஞ்ச நாள் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் 4x5 ஆசை வந்தே தீரும். 4 அங்குலத்துக்கு 5 அங்குலம், தாள் தாளாக வரும் பிலிம். பரப்பளவில் 35 மி.மீ. நெகடிவைப் போலச் சுமார் 13 மடங்கு. அப்படி ஒரு நெகடிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவருக்கு அப்புறம் தூக்கம் வராது :)

சிக்கல் அதற்குப் பிறகுதான். பர்ஸில் இருப்பதோ கொஞ்சம். எதை வாங்குவது? பலர் சறுக்குவது இங்கேதான். இருக்கிற காசை எல்லாம் கேமராவில் கொட்டிவிட்டு, யானையை வாங்கி அங்குசத்துக்குக் காசில்லாத கதையாக நிற்கிறார்கள்.

இந்தக் கேமராவில் அப்படி என்னதான் இருக்கிறது? முன்னால் லென்ஸ் மாட்ட ஒரு பலகை, பின்னால் பிலிம் செருக ஒரு சட்டம், நடுவில் ஹார்மோனியம் மாதிரி மடிந்து விரியும் துருத்தி. ஒளி கசியக்கூடாது, ஆடக்கூடாது. அவ்வளவுதான். விலையுயர்ந்த லின்ஹாஃபும் இதைத்தான் செய்கிறது, இன்னும் நேர்த்தியாக.

மலிவாக ஆரம்பிக்க மூன்று வழி உண்டு. முதலாவது, பழைய பத்திரிகைக் கேமரா. கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் கிரவுன் கிராஃபிக் 1947 முதல் 1973 வரை வந்தது. மடித்தால் பெட்டி, அடித்தாலும் உடையாது. ஆனால் முன்பலகையைச் சாய்ப்பதும் நகர்த்துவதும் குறைவாகவே முடியும். இரண்டாவது, ஒற்றைத் தண்டில் நிற்கும் மோனோரெயில். எல்லாப் பக்கமும் வளையும், பழையது மலிவாகவும் கிடைக்கும். ஆனால் கனம். கட்டடம், பூ, பொம்மை எடுப்பவருக்குச் சரி, மலையேறுபவருக்கு ஆகாது. மூன்றாவது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 2014-இல் தொடங்கிய இன்ட்ரெபிட் போன்ற இலகுவான ப்ளைவுட் கேமரா. புதுசு என்பதால் துருத்தியில் ஓட்டை இருக்குமோ என்ற பயம் இல்லை.

லென்ஸுக்கு அதிகம் குழம்ப வேண்டாம். 150 மி.மீ., f/5.6. 35 மி.மீ. கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் எப்படியோ, 4x5-க்கு இது அப்படி. ஷ்னைடர், ரோடன்ஸ்டாக், நிக்கான், ஃபுஜி நால்வரும் செய்தார்கள், நால்வருடையதும் நல்லதே. பழைய கிராஃபிக்கோடு வரும் கோடக் எக்டார் 127 மி.மீ. கூர்மையானதுதான். ஆனால் அதன் ஒளிவட்டம் பிலிமை மூடுவதோடு சரி, பலகையை உயர்த்தினால் மூலை கறுத்துவிடும்.

வாங்குமுன் இரண்டு சோதனை. ஷட்டரை 1 விநாடியில் வைத்துத் தட்ட வேண்டும். இழுத்து இழுத்து மூடினால் பழுதுபார்க்கும் செலவு காத்திருக்கிறது. அடுத்து, இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் தெரிந்தால் ஒளி கசிகிறது.

மிச்சப்படுத்திய காசு எங்கே போகும்? பிலிம் ஹோல்டர், ட்ரைபாட், மீட்டர், கறுப்புத் துணி. எல்லாவற்றுக்கும் மேலாக பிலிம். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு தாள்.

1927 ஏப்ரல் 10. யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே பனியில் நின்ற ஆன்சல் ஆடம்ஸிடம் மிஞ்சியவை இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். மனசில் பார்த்த வானம் அதில் வராது என்று உடனே புரிந்தது. கடைசித் தகட்டை அடர் சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். வானம் கறுத்தது, அவர் பெயரை நிறுத்திய 'மோனோலித்' பிறந்தது. அந்தக் கடைசித் தகடு இல்லாமல் போயிருந்தால்?

முதல் கேமரா வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான். எது நல்ல கேமரா என்பதல்ல. எதை வாங்கினால் கையில் இன்னும் ஐம்பது தாளுக்குக் காசு மிஞ்சும் என்பது. முதல் பத்து தாள் எப்படியும் வீணாகும். படம் அதற்குப் பிறகுதான் வரும்.