கடல் இல்லா ஊரில் ஒரு படகுப்பொறி

மதுரைக்குக் கடல் இல்லை. வைகையும் ஆண்டில் பல மாதங்கள் மணலாய்க் கிடக்கும் ஆறுதான். ஆகவே, மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து நண்பர் ஒருவர் தம் தந்தையாரின் பழைய வெளிப்பொருத்து இயந்திரத்தைச் சாக்கில் சுற்றிக் கொணர்ந்து, சிம்மக்கல் பக்கமுள்ள எங்கள் பட்டறையில் இறக்கியபோது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியதில் வியப்பில்லை. எடைக்குப் போட்டுவிடச் சொன்னார்களாம் ஊரில். "அப்பா படுத்த படுக்கையாக் கெடக்காரு. ஒரு தடவையாவது இது ஓடுற சத்தத்தைக் கேக்கணும்ணே" என்றார் அவர்.

படகின் பின்பலகையில் மாட்டும் இத்தகைய பொறியை, நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் கடற்கரைகளில் அது பரவியது பெரிதும் 1980களில். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இவற்றைப் பழுதுபார்க்கப் பட்டறைகளும் நடத்தியது. மண்ணெண்ணெயில் ஓடுபவையே மிகுதி. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேருமுன் மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்பவேண்டும். மறந்தால் மறுநாள் விடியலில் எவ்வளவு கயிறு இழுத்தாலும் அது கிளம்பாது.

எங்களில் எவரும் கடலோடியர் அல்லர். ஆயினும் மூடியைக் கழற்றியதும் அச்சம் நீங்கிற்று. 1980இல் வந்த டிவிஎஸ் 50 வண்டிகளை அவிழ்த்துப் பூட்டிப் பழகிய கைகள் எங்களுடையவை. இதுவும் அதே இருவீச்சு இனம்: வால்வுகள் இல்லை, எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெயே உள்ளுறுப்புகளை நனைக்கும். புதிதாய்த் தோன்றியது தண்ணீர் மட்டுமே. இருசக்கர வண்டியைக் காற்று குளிர்விக்கிறது. இதைக் கடலே குளிர்விக்கிறது. அடியிலுள்ள ரப்பர் இம்பெல்லர் உப்புநீரை மேலேற்றி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு வெளியே துப்பும். அந்த வழியெல்லாம் உப்பு கல்லாய் உறைந்திருந்தது.

இரண்டு பிஸ்டன்களும் இறுகிக் கிடந்தன. சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை. மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி எட்டு நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினோம். ஒன்பதாம் நாள் மயிரிழை அசைந்தது.

அவிழ்க்க அவிழ்க்க, முன்னே இதைத் தொட்ட கைகள் தென்படலாயின. கார்புரேட்டர் அடியிலிருந்த கேஸ்கெட் நாட்காட்டி அட்டையை வெட்டிச் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு எண்கள் இன்னும் தெரிந்தன. விசிறியைத் தண்டோடு பிணைக்கும் ஊசி, பித்தளைக் கம்பியை அரத்தால் தேய்த்தது. அவசரக்காரர் இரும்பாணியைச் செருகியிருப்பார். பாறையில் விசிறி மோதினால் ஊசி முறியவேண்டும். முறியாவிட்டால் பல்சக்கரங்கள் நொறுங்கும். அதையறிந்தே மெல்லிய உலோகத்தைத் தேர்ந்திருக்கிறார் அந்த முதியவர். அட்டையை மாற்றினோம், ஊசியை மாற்ற மனம் வரவில்லை, தேவையும் இல்லை. ரிங்குகளும் இம்பெல்லரும் தூத்துக்குடியிலிருந்து வந்தன. பூட்டும் வேலை, அவிழ்த்ததைவிட இருமடங்கு நாள் பிடித்தது.

தண்ணீரின்றி ஓடவிட்டால் ரப்பர் சிறிது நேரத்தில் கருகிவிடும். எனவே தகர டிரம்மை நிரப்பி அதன் விளிம்பில் பொறியை மாட்டினோம். பதினோராவது இழுப்பில் நீலப்புகை தெருவை மறைத்தது. பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீச்சிற்று. நண்பர் கைபேசியில் தந்தையை அழைத்து, டிரம் அருகே நீட்டினார். எல்லோரும் வாய்மூடி நின்றோம்.

சற்று நேரம் மறுமுனையில் மூச்சொலி மட்டுமே. பிறகு தெளிவாய் வந்தது குரல்: "ஒண்ணுதாம்லே அடிக்குது. கீழ்ப்பிளக்கைக் கழட்டிப் பாரு."

கழற்றிப் பார்த்தோம். நனைந்திருந்தது.