தம்புன் சொல்லும் பாடம்

ஈப்போவிலிருந்து தம்புன் போகும் வழியெங்கும் சுண்ணாம்புக் குன்றுகள் கூடவே வரும். சாலையோரக் கடைகளில் பம்பளிமாசுப் பழங்கள் வரிசையாகத் தொங்கும். விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் வெந்நீர் ஊற்றைத் தேடிப் போய்விடும். ஆனால் மருத்துவ உலகம் இந்த வட்டாரத்தை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. நிப்பா கிருமி மனிதர்களைத் தாக்கியது முதலில் தெரியவந்தது இங்கேதான்.

1998 செப்டம்பர் வாக்கில், கிந்தா மாவட்டப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலும் மூளை வீக்கமும் கண்டு படுத்தார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. பண்ணைகளில் பன்றிகள் பலமாக இருமிக்கொண்டிருந்தன.

நோய்ப்பட்ட பன்றிகள் விலைபோயின. லாரியேறி நோயும் நெகிரி செம்பிலான் சேர்ந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் இது புதிய கிருமி என்று கண்டார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு நிலைத்தது. 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் மாண்டார்கள். நோயுற்றவர்களில் நம் இனத்தவரும் இருந்தார்கள். சுமார் பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

ஈப்போவில், முன்பு டைகர் லேன் எனப்பட்ட சுல்தான் அஸ்லான் ஷா சாலையில் இருக்கிறது கால்நடை ஆராய்ச்சிக் கழகம். ஆஸ்திரேலியாவின் ஜீலோங் ஆய்வுக்கூடத்தின் உதவியோடு, பண்ணைப் பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்து, எங்கே கிருமி இருக்கிறது என்று கண்டறிந்தவர்கள் இங்குள்ளவர்கள்.

கிருமியின் வீடு பழந்தின்னி வௌவால். கொட்டகைக்குப் பக்கத்து மாமரத்தில் வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றதால் நோய் தொற்றியிருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதன் உறவான ஹெண்ட்ரா கிருமிக்கு 2012-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைத் தடுப்பூசி வந்துவிட்டது. கேரளத்தில் 2018-இல் நிப்பா பல உயிர்களைப் பறித்தது. மனிதர்களுக்கான தடுப்பூசிச் சோதனையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024-இல்தான் தொடங்கியது.

மருந்து வரும்வரை நம் கண்தான் காவல். தோட்டப்புறங்களில் இன்றும் வீட்டோரம் ஆடு, மாடு, கோழி வளர்ப்பவர்கள் உண்டு. அவற்றில் இரண்டு மூன்று ஒன்றாக நோயில் விழுந்தால், விற்றுவிட நினைக்காமல் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வௌவால் கடித்த பழம் கீழே கிடந்தால், பிள்ளைகள் கையில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.