அவள் சொன்ன ஏரி

காது கேளாத பிள்ளையைக் கண்டதும் நம் ஊரில் "ஐயோ பாவம்" என்றுதான் முதலில் வாயில் வருகிறது. அந்தப் பாவத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, பிள்ளையின் கையைக் கவனியுங்கள். இந்த வயதில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

பனமரத்துப்பட்டியில் அரளி மொட்டுப் பறிக்கும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி. பிறவியிலேயே காது கேட்காது. விரல்நுனியால் கிள்ளி மடியில் போடுவதுபோல் காட்டினால் அரளி. அதையே படபடவென்று காட்டினால், பூ வண்டிக்கு நேரமாகிவிட்டது. ஏரிக்கு நாமானால் கையை அலைபோல் அசைப்போம். ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிநீர் கொடுத்த எங்கள் ஏரியில் அவள் கண்டதெல்லாம் சீமைக்கருவேலம்தான். முள் குத்திய விரலை உதறுவதுபோல் உதறி, இரண்டு கைகளையும் அகல விரிக்கிறாள். எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரு பிள்ளை தனியாகச் செய்தால் அது வீட்டு ஜாடை. பல பிள்ளைகள் கூடினால் மொழியே பிறந்துவிடும். நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1977-இல் இத்தகைய பிள்ளைகளுக்கு வகுப்புகள் தொடங்கின. ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிஷையும் புகட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பேருந்திலும் விளையாட்டிலும் தத்தம் வீட்டு ஜாடைகளைக் கலந்தார்கள். பின்னால் சேர்ந்த பொடிசுகள் அதற்கு இலக்கணமே அமைத்துவிட்டார்கள். பிள்ளைகள் பேசிக்கொள்வது ஆசிரியர்களுக்கே புரியவில்லை. 1986-இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளர் போய்ப் பார்த்துத்தான் உலகுக்குத் தெரிந்தது.

1880-இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடோ, பள்ளியில் சைகை கூடாது, வாய்ப்பேச்சே வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எத்தனை நாடுகளில் எத்தனை பிள்ளைகளின் கைகளை அடக்கிவைத்தார்கள்! நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எட்டு வயதில் செவித்திறனை இழந்த சதீஷ் குஜ்ரால் ஓவியரானார், சிற்பியானார். டெல்லியில் பெல்ஜியம் தூதரகக் கட்டடத்தையும் வடிவமைத்தார். காது கேட்கட்டும் என்று அவர் கை காத்திருக்கவில்லை.

காதுக்கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. சீக்கிரம் சோதிப்பது நல்லது. காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைகூட முதலமைச்சர் காப்பீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் பேச்சுப் பயிற்சிக்குப் போகிற பிள்ளையை "கையை ஆட்டாதே" என்று அதட்டுவது எதற்கு?

இந்திய சைகை மொழிக்குப் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதி இருக்கிறது. போனிலேயே வீடியோவாகப் பார்க்கலாம். அந்தச் சிறுமியின் அம்மா பூக் கட்டிக்கொண்டே பார்க்கிறாள். அப்பாவுக்குத்தான் கூச்சம். சந்தையில் நாலு பேர் பார்ப்பார்களே என்கிறார்.