வளையில் கட்டாத தொட்டில்

குழந்தைக்குத் தொட்டில் கட்டுபவர்கள் முதலில் அண்ணாந்து வீட்டு வளையைத்தான் பார்ப்பார்கள். சேலை புதியதா, கயிறு அழகானதா என்பதெல்லாம் பின்னர். பாரத்தைத் தாங்கப்போவது சேலையன்று. மேலே கண்ணிற்படாமற் கிடக்கும் வளையே. பாட்டிமார் அனைவரும் அறிந்த இவ்வுண்மையை, பட்டம் பெற்றுக் கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிக்கும் நாம் மறந்துபோன கதையை இங்கே சொல்ல விரும்புகின்றோம்.

மன்னார்த் தீவின் மணலை அறியாதவர் இங்கு வண்டியோட்ட முடியாது. தாம்போதியைக் கடந்து தலைமன்னார் வரை தார்வீதி உண்டு, அதிலே கவலையில்லை. வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினாலோ, சோழகக் காற்று வீசும் மாதங்களில் காலையிற் கண்ட தடம் மாலையில் இராது. நாம் வாங்கிய பழைய ஜீப் இரண்டு முறை அம்மணலிற் புதைந்தது. ஆகவே அதன் முன்புறத்தில் ஒரு வின்ச் பொருத்த எண்ணினோம்.

வின்ச் என்பது இக்கரைக்குப் புதிய பொருளன்று. முன்னாளில் ஆட்கள் வரிசையாக நின்று அம்பா பாடி இழுத்த கரைவலையை, உழவியந்திரத்திற் பூட்டிய வின்ச்சினால் இழுப்பதையும் இங்கே கண்டிருக்கின்றோம். வண்டியிற் பூட்டுவது அதன் சிறிய தம்பி. மின்மோட்டார் ஓர் உருளையைச் சுழற்ற, கம்பிவடம் அதிலே சுற்றிக்கொண்டு பாரத்தை இழுக்கும். நாம் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியது 8,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 3,600 கிலோகிராம் இழுக்க வல்லது. வண்டியின் முழு எடையைப் போல ஒன்றரை மடங்கு வலு வின்ச்சுக்கு வேண்டும் என்பது பொதுவிதி. பாரத்துடன் எமது ஜீப் 2,000 கிலோகிராம். கணக்குச் சரியாக இருந்தது. கணக்கிலே பிழையில்லை, பிழை வேறிடத்தில் இருந்தது.

மன்னாரில் நாம் வழக்கமாகப் போகும் கராஜ்கார நானா 1990 இல் இடம்பெயர்ந்து புத்தளம் சென்று, அங்கே தொழில் கற்று, போர் ஓய்ந்தபின் ஊர் திரும்பியவர். அவர் வின்ச்சைப் பார்த்தார். பம்பரை விரலாற் தட்டிப் பார்த்தார்.

“சேர், இது முகத்துக்குப் போட்ட தகடு. முட்டினால் நசுங்குறதுக்கெண்டு செய்தது. வின்ச்சைச் சேசியிலதான் பிடிக்கோணும். பம்பரை நடுவில வெட்டி, உள்ளுக்கு ஒரு பிளேட் வைக்கோணும். ரெண்டு நாள் தாங்கோ” என்றார்.

பம்பரை வெட்டுவதா! வண்டியில் அழகாக எஞ்சியிருந்தது அது ஒன்றே. செலவும் உறுத்தியது. “யோசித்துச் சொல்கிறேன், நானா” என்று திரும்பிவந்து, விடுமுறைக்கு வந்திருந்த மருமகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பம்பரிலேயே நான்கு துளையிட்டு வின்ச்சை நாமே முடுக்கிவிட்டோம். பார்வைக்கு மிக நேர்த்தியாயிருந்தது. மருமகன் எம் அக்காவின் ஒரே பிள்ளை, தகப்பனில்லாதவன். எம்மை நம்பி அவனை அனுப்பியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு தலைமன்னார்க் கடற்கரையோரம் மீன் ஏற்றிய சிறு லொறியொன்று அச்சுவரை புதைந்து நின்றது. உதவுவோம் என்ற எண்ணத்தோடு, வின்ச்சைக் காட்டவேண்டும் என்ற ஆசையும் எமக்கிருந்தது. வடத்தை நீட்டிக் கொழுவினோம். மருமகன் ஜீப்பின் முன்னே நின்று வேடிக்கை பார்த்தான். வடம் இறுகியது. லொறிக்காரருடன் நின்ற முதியவர் ஒருவர் சத்தமிட்டார்: “தம்பி, இங்கால வா! இறுகின வடத்துக்குப் பக்கத்தில நிக்கப்படாது!”

அவன் நாலைந்து அடி விலகியிருப்பான். தகடு கிழியும் ஓசை கேட்டது. பம்பர் வாய் பிளந்தது. போல்ட்டுகள் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேற, வின்ச் முழுவதும் பாய்ந்து, அவன் நின்ற இடத்து மணலிலே விழுந்தது. கம்பிவடம் சாட்டைபோற் சுழன்று ஜீப்பின் விளக்கை உடைத்தது. எமக்குக் கைகால் நடுங்கின. முதியவர் எம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. பையனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். கரைவலை வடங்களோடு வாழ்ந்தவர் அறிந்ததை, இழுவிசை பற்றிக் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதுகின்ற நாம் அறியாமற் போனோம்.

மறுநாள் நானாவிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. வேலையைத் தொடங்கினார். கனத்த உருக்குத் தகட்டில் ஒரு பீடம் செய்து, அதன் இரு கைகளையும் வண்டியின் முதுகெலும்பாகிய சேசியின் இரு சட்டங்களிலும் பிடித்தார். தலையில் 8.8 என்று பொறித்த உறுதியான போல்ட்டுகளையே எடுத்தார். பம்பரை நடுவில் வெட்டி, பீடத்தைத் தொடாதபடி மேலே போர்த்தார். இப்போது அது வெறும் முகமே. பற்றரிக்குச் செல்லும் தடித்த மின்கம்பிகள் கூரான தகட்டில் உரசாதபடி உறையிட்டு, மின்னைத் துண்டிக்கும் சுவிச்சொன்றும் வைத்தார். புதிய வண்டிகளிற் காற்றுப்பைக்கான உணரிகள் முன்புறத்தில் இருப்பதால், பம்பரை வெட்டுமுன் அவற்றையும் விசாரிக்கவேண்டும் என்றார்.

உப்புக்காற்றில் துருவேறியிருந்த கம்பிவடத்தை நீக்கி, செயற்கை நாராலான வடம் போட்டோம். உடனே அவர் வடம் வெளிவரும் வாயிலிருந்த நான்கு உருளைகளையும் கழற்றினார். கம்பி அரித்த தழும்புகள் புதிய வடத்தை அறுத்துவிடுமாம். வழவழப்பான அலுமினிய வாயொன்றைப் பூட்டினார். வடத்தை முழுவதும் வெளியே விட்டுவிடாமல், உருளையிற் சில சுற்றுக்களாவது எஞ்சவிட வேண்டும். கம்பியாயின் ஐந்து, நார்வடமாயின் எட்டுக்குக் குறையாமல். இழுக்கும்போது வடத்தின் நடுவில் ஈரச்சாக்கொன்றைப் போடவேண்டும். அறுந்தால் அது வேகத்தைத் தணிக்கும். பனையிற் கட்டுவதாயின் அகன்ற பட்டையை அடிமரத்திற் சுற்றவேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையானது, வடம் இறுகும்போது எவரும் அருகில் நிற்கலாகாது.

அக்காவிடம் இதைச் சொல்லாமல் மூன்று வாரம் மறைத்தோம். சொல்லாதிருந்த ஒவ்வொரு நாளும் அந்தத் தகடு கிழிந்த ஓசை காதில் விழுந்தது. கடைசியில் நேரிற் சென்று சொன்னோம். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, “பிள்ளை தப்பினான், சாமி செயல். இனிமேலாவது தெரிஞ்சவன் சொன்னால் கேள், தம்பி” என்றாள்.

கிழிந்த பம்பர்த் துண்டொன்று இப்போது எமது ஆய்வுகூடத்துச் சுவரிலே தொங்குகின்றது. விசை பற்றிய பாடம் வரும்போது மாணவர்களிடம் அதைக் கொடுத்து, துளைகளின் விளிம்பை விரலாற் தடவிப் பார்க்கச் சொல்லுகின்றோம். “பாரம் எங்கே போய் முடிகின்றது?” என்று கேட்கின்றோம். அந்தக் கேள்வியை நாம் ஒருநாள் கேட்கத் தவறினோம் என்பதையும் அவர்களிடம் மறைப்பதில்லை.