தீங்கற்றது என்னும் சொல்

புற்றல்லாத கட்டியைத் 'தீங்கற்ற கட்டி' என்று மருத்துவத் தமிழில் வழங்குகிறோம். 'அற்ற' என்பது அறுத்துச் சொல்லும் சொல். ஐயத்துக்கு இடம் வைக்காதது. எங்கள் பெரியம்மாவின் தலை ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் அச்சொல்லைக் கூறியபோது, முதலியார்பேட்டை வீட்டில் அன்றைக்குத்தான் எல்லோரும் வயிறார உண்டோம்.

அவருக்கு வந்திருந்தது மெனிஞ்சியோமா. மூளையைப் போர்த்திய சவ்வில் தோன்றுவது. பெரும்பாலும் மெல்ல வளர்வது. ஏழாண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர் அவர். அது முடிந்த கதை, அதை ஏன் கிளற வேண்டும் என்றார் அண்ணன். பெரியம்மாவோ பழைய கோப்பைத் தாமே எடுத்து மருத்துவரிடம் நீட்டினார்.

அறுவைக்குப்பின் வந்த திசு ஆய்வறிக்கையில் இரு நோய்களின் பெயர்கள் இருந்தன. மெனிஞ்சியோமாவின் நடுவே மார்பகப் புற்றுச் செல்கள் திட்டுத்திட்டாகக் குடியேறியிருந்தன.

இது மிக அரிது, ஆயினும் புதிதன்று. மெனிஞ்சியோமா என்னும் பெயரை ஹார்வி குஷிங் 1922இல் இட்டார். நுரையீரல் புற்று அத்தகைய கட்டிக்குள் பரவியிருந்ததை ஃப்ரைடு என்பவர் 1930இல் எழுதினார். இவ்வாறு மெனிஞ்சியோமாவுக்குள் புகும் புற்றுகளில் மார்பகப் புற்றும் நுரையீரல் புற்றுமே மிகுதி.

1889இல் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து, புற்றுச் செல்லை வித்தாகவும் உடலுறுப்பை நிலமாகவும் கண்டார். வித்து எங்கும் விழலாம். இசைந்த நிலத்தில்தான் முளைக்கும். மெனிஞ்சியோமாவில் இரத்த ஓட்டம் மிகுதி. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருப்பது. மார்பகப் புற்றுகள் பலவற்றைப்போலவே புரோஜெஸ்டிரான் ஏற்பிகளும் அதில் காணப்படுகின்றன. இவையே அதனை இசைந்த நிலமாக்குகின்றன என்பது மருத்துவர்கள் கூறும் விளக்கம்.

ஸ்கேனில் இது பெரும்பாலும் புலப்படாது, நுண்ணோக்கியில்தான் தெரியவரும். அங்கும், எதைத் தேடுவது என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரியம்மா நீட்டிய கோப்பு அதைத்தான் செய்தது. அதனாலேயே கதிர்வீச்சும் மருந்தும் காலத்தே தொடங்கின. மேலும் மூன்றாண்டுகள் எங்களோடு இருந்தார்.

மெனிஞ்சியோமா உள்ள பெரும்பாலோர்க்கு இவ்வச்சம் வேண்டா. முன்னர்ப் புற்று கண்டவர்கள் மட்டும், எத்தனை ஆண்டு கழிந்திருப்பினும், அதனை மருத்துவரிடம் மறைக்காதிருக்க வேண்டும். 'தீங்கற்றது' என்பது அக்கட்டியின் இயல்பைச் சொல்வது. அதனுள் வந்து தங்கியதைப் பற்றி அச்சொல் பேசுவதில்லை.