கதவுக்குள்ளே இன்னும் தண்ணி இருக்குதுங்க!

ஈரத்தைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுத்தமாகக் காய்ந்த 100 கிலோ பருத்தி, காற்றிலிருந்து எட்டரை கிலோ தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது நூல் வியாபாரத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதற்கு மேல் இருந்தால், நூல் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம் என்று அர்த்தம்.

இதே கணக்கு மரத்துக்கும் உண்டு. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் வீட்டுக் கதவு.

அவிநாசிபாளையத்தில் எங்கள் தோட்டத்தில் அப்பாரு வைத்த வேம்பு, போன வருடம் ஆடிக் காற்றில் சாய்ந்தது. புது வீட்டுக்கு வாசக்கால் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. 'கதவாவது எங்கப்பன் மரத்துல இருக்கட்டும்' என்றார் அப்பா. ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து, நடுவில் குச்சி கொடுத்து, கொட்டகை நிழலில் அடுக்கினோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தையில் கிரகப்பிரவேசம். ஆசாரி பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'இது தானா காயறதுக்குள்ள அம்மிணிக்கே கல்யாணம் ஆயிடுமுங்க' என்றார், என்னைப் பார்த்து. (அது வேறு கதை.) அவர் சொன்னபடி பலகைகள் கோவை பக்கம் ஒரு சீசனிங் சூளைக்குப் போயின.

சூளை என்றால் நெருப்பு எரியும் என்றுதான் நினைத்துப் போனேன். அங்கே இருந்தது மூடிய அறை, பெரிய மின்விசிறிகள், பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாய். காய வைக்கும் அறைக்குள் ஆவியை விடுகிறார்களே என்று கேட்டேன். 'எடுத்ததுமே வறட்டுக் காத்து பட்டா மேல்தோல் மட்டும் காஞ்சு வெடிச்சிருமுங்க' என்றார் பொறுப்பாளர். முதலில் 40 டிகிரிக்குச் சற்று மேல், நல்ல ஈரக்காற்று. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றி, ஈரத்தைக் குறைக்கிறார்கள். நூற்பாலைச் சுவரில் இரண்டு தெர்மாமீட்டர் ஜோடியாகத் தொங்குமே, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அதே ஜோடி இங்கேயும் இருந்தது.

ஆனால், அது சொல்வது காற்றின் ஈரத்தை. மரத்தின் ஈரத்துக்குத் தராசு வேண்டும். பலகையின் முனை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டுகிறார்கள். எடை 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 103 டிகிரி அடுப்பில், இனி எடை குறையாது என்கிற வரை வைத்தால் 200 கிராம். போன தண்ணீர் 50. அதைக் காய்ந்த எடையான 200-ஆல் வகுக்க வேண்டும். ஈரம் 25 சதவீதம். நூலுக்கும் இதே வகுத்தல்தான். இதனால்தான் பச்சை மரத்தின் ஈரம் சில சமயம் 100 சதவீதத்தைத் தாண்டும். மீதிப் பலகையின் முனைகளில் பெயின்ட் பூசி அடுக்கில் வைத்து, தினமும் எடுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள்.

மரம் சுருங்க ஆரம்பிப்பதே சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போகும்போதுதான். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் ஏறக்குறைய 12-ல் நிற்கும். 80 ஆனால் 16. 30 ஆனால் 6. அதனால் எங்கள் கதவுக்கு 12 என்று இலக்கு வைத்தார்கள். எந்தத் தட்பவெப்பத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. நம் ஊர் மரங்களை உலர்த்தும் முறைகளை ஆராய்ந்தவர்கள், டேராடூனில் 1906-ல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிறுவனத்தார்.

மூன்றாவது வாரம் போனபோது பொறுப்பாளர் மீட்டரைக் கொண்டுவந்தார். ஆணி மாதிரி இரண்டு ஊசிகள். உடம்பு முழுக்க மின்சாரம் கடத்தாத பூச்சு, நுனியில் மட்டும் உலோகம். லேசாக இறக்கியதும் 11 காட்டியது. அப்பா முகம் மலர்ந்தது. சுத்தியலால் பலகையின் பாதி ஆழம் வரை இறக்கினார். 18! 'கதவுக்குள்ளே இன்னும் தண்ணி இருக்குதுங்க' என்றார். மீட்டர் வேறு மரத்துக்கு அளவு வைத்ததாக இருக்கலாமே என்று அடுப்பிலும் ஒரு துண்டைச் சோதித்தார்கள். அதுவும் ஏறக்குறைய அதையே சொன்னது. 'சீசன் பண்ணின மரம்' என்று கடையில் சொன்னால், எத்தனை சதவீதம், எவ்வளவு ஆழத்தில் பார்த்தது என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு 14 நாள் இருந்தது. ஆசாரிக்கே பத்து நாள் வேண்டும். 'எடுத்துட்டுப் போகலாமுங்க. ஆனா, சித்திரையில உள்மரம் சுருங்கி இணைப்பு விடும்' என்றார் பொறுப்பாளர். ஆத்தாவுக்குக் கோபம்: 'தலைவாசலுக்குக் கதவில்லாம பால் காய்ச்சறதா?'

அப்பா 22 வருடமாக எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருப்பவர். 'ஈரப் பனியனைப் பெட்டியில போட்டுக் கப்பல் ஏத்துனா என்னாகும்னு எனக்குத் தெரியாதாம்மா? பூசணம் புடிச்சுத் திரும்பி வரும். இருக்கட்டும்' என்றார். பிளைவுட்டில் ஒரு கதவு செய்து மாட்டினோம். அதற்கே ஆத்தா மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தார்.

பலகைகள் மேலும் 11 நாள் சூளையில் இருந்தன. கடைசியில் ஒரு துண்டை முள்கரண்டி போல அறுத்துப் பார்த்தார்கள். பற்கள் உள்பக்கமாக வளைந்தன. மரத்துக்குள் இறுக்கம் இருக்கிறது என்று பொருள். நூல் கோனுக்கு ஆவி கொடுப்போமே, அதுபோல ஆவி கொடுத்து அதைத் தளர்த்தினார்கள். வெளியே 12, உள்ளே 13.

மாசியில் கதவை மாட்டினோம். பக்கவாட்டில் ஊசி இறங்கிய துளைகளை ஆசாரி மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார். சித்திரை வெயிலில் கதவுக்கும் வாசக்காலுக்கும் இருந்த இடைவெளியை அப்பா பென்சிலால் குறித்திருக்கிறார். பக்கத்தில் ஐப்பசி என்று எழுதி, இடம் விட்டிருக்கிறார்.