முதுகைப் படிக்கிறவர்கள்

முட்டையின் ஓட்டை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சவ்வு கிழியக் கூடாது. வேகவைக்காத கோழிமுட்டை ஒன்றைக் களிமண்ணில் பாதி புதைத்து வைத்து, அதிவேகமாகச் சுழலும் பர் முனையால் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார் இளைய மருத்துவர். சூடேறாமலிருக்கத் தாதி சொட்டுச் சொட்டாக நீர் விட்டார். முதலில் வெள்ளைத் தூள் எழுந்தது. பிறகு ஓட்டின் நிறம் மங்கியது. சாம்பல் நிறத்தில் சிறு வட்டம் ஒன்று தெரிந்ததும் கை நின்றது. மழுங்கிய கொக்கி ஒன்றால் அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். சவ்வு அமுங்கி எழுந்தது.

"உறை தெரியுது. இனிமே பர் வேணாம், கெரிசன் எடுங்க" என்றார் பின்னால் நின்ற மூத்தவர்.

தண்டுவடத்தையும் நரம்பு வேர்களையும் போர்த்தியிருக்கும் உறையைத்தான் அவர் சொன்னார். அதற்குள் இருக்கும் நீர் கசிந்தால் நோயாளி தலை தூக்க முடியாத தலைவலியோடு படுத்திருப்பார். சிலரை மறுபடியும் மேசைக்குக் கொண்டுபோக வேண்டி வரும். கெரிசன் என்பது எலும்பைத் துணுக்குத் துணுக்காகக் கடித்தெடுக்கும் நீண்ட மூக்குள்ள கருவி. சுழலும் முனையை எங்கே நிறுத்தி, கையால் கடிக்கும் கருவியை எங்கே எடுப்பது என்பதைக் கற்கத்தான் அந்த முட்டை.

கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியிலிருந்து அதிகத் தூரமில்லாத ஒரு மருத்துவமனை அது. பெயர் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள். மூத்தவர் தமிழர். அந்த இளையவர், முதுகுத்தண்டு அறுவைப் பயிற்சிக்கு வந்திருக்கும் ஃபெலோ; பாலிங்கில் பிறந்த மலாய்க்காரர். வீட்டில் ரப்பர்த் தோட்டம் உண்டு. "எங்க வலிக்குது, பாட்டி? கால் மரத்துப் போகுதா?" என்று அவர் தோட்டத் தமிழில் கேட்கும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் இறுக்கம் தளர்வதைப் பார்த்தேன்.

இந்த இடத்துக்கு வந்து சேர அவருக்கு ஆன காலத்தைக் கணக்கிட்டால் மலைப்பாக இருக்கிறது. மருத்துவப் பட்டம், 2 ஆண்டு ஹவுஸ்மன், அதன்பின் மருத்துவ அதிகாரியாகச் சில ஆண்டுகள், பிறகு எலும்பியலில் 4 ஆண்டு முதுநிலைப் படிப்பு. இத்தனையும் முடித்து நிபுணரானவர், திரும்பவும் மாணவராகி முதுகுத்தண்டை மட்டும் படிக்க வந்திருக்கிறார். உடன்படித்தவர்கள் தனியார் மருத்துவமனைகளில் அறை திறந்து உட்கார்ந்துவிட்ட வயதில், இவர் இன்னொருவரின் கைக்குப் பக்கத்தில் நின்று உறிஞ்சுகுழாய் பிடிக்கிறார். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

விலகிய வட்டு நரம்பை அழுத்துவதால்தான் கால்வலி வருகிறது என்று மிக்ஸ்டரும் பாரும் பாஸ்டனிலிருந்து எழுதியது 1934இல். அந்தக் காலத்து அறுவையில் தசையை எலும்பிலிருந்து நெடுக உரித்து விலக்குவார்கள். 1977இல் யாசர்கிலும் காஸ்பரும் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார்கள்; வெட்டு சுருங்கியது. 1997இல் அமெரிக்காவில் ஃபோலியும் ஸ்மித்தும் குழாய் வழியைக் காட்டினார்கள். மெல்லிய கம்பி ஒன்றை இறக்கி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான குழல்களை வரிசையாகச் செருகி, தசை இழைகளை அறுக்காமல் விலக்கிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள ஒரு குழாய் நிற்கும். அதற்குள்தான் வெளிச்சம், கருவி, பார்வை எல்லாம்.

இங்கே நடந்த ஓர் அறுவையில் அந்தக் குழாய்க்குள் எட்டிப் பார்க்க எனக்கும் இடம் கொடுத்தார்கள். இரத்தத்தின் பளபளப்பு, அதனடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு தசைநார்த் தகடு, அதை விலக்கினால் வெளிர் நீலம் கலந்த வெண்மையில் துடிக்கும் உறை. உறையை ஓரமாக ஒதுக்கியபோது நரம்பு வேர் தெரிந்தது. அதற்கடியில் நண்டுச் சதை நிறத்தில் பிதுங்கிக்கொண்டு நின்றது வட்டுத் துண்டு. மூத்தவர் ஒரு இடுக்கியால் பிடித்து இழுத்தார்; நகத்தளவு துண்டு வெளியே வந்தது. நரம்பு தளர்ந்து தன் இடத்தில் படுத்தது. பல மாதமாக ஒரு மனிதரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது அவ்வளவுதான்.

வெட்டு சிறிதாகும்போது கண்ணுக்குத் தெரிவது குறைகிறது. தெரியாததை எக்ஸ்ரே காட்ட வேண்டும். சி-ஆர்ம் இயந்திரம் ஒவ்வொரு கட்டத்திலும் படமெடுக்கிறது. அறையிலுள்ள எல்லாரும் ஈயக் கவசம் போட்டிருந்தார்கள். மணிக்கணக்கில் அந்தப் பாரத்தோடுதான் நிற்கிறார்கள். முதுகெலும்பில் திருகு பொருத்தும் மருத்துவருக்கு விழும் கதிர்வீச்சு, முதுகு சாராத மற்ற எலும்பு அறுவைகளைவிட 10 முதல் 12 மடங்கு அதிகம் என்று 2000ஆம் ஆண்டிலேயே ஒரு கனடிய ஆய்வு சொன்னது. எப்போது பெடலை மிதித்துப் படமெடுப்பது, எப்போது மிதிக்காமல் விரலின் உணர்வை நம்புவது என்பதும் பாடத்தில் சேர்த்தி.

நோயாளிகள் உழைத்த இடத்தைப் பார்க்க, மறுநாள் காலை பீடோங் பக்கம் ஒரு சிறுதோட்டத்துக்குப் போனேன். பழைய பெரிய தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் டவுனுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் மரம் சீவத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா எனக்காக ஒரு மரத்தில் கத்தி வைத்தார். இடப்பக்கத்திலிருந்து சரிவாக, ஒரே இழுப்பில், ஒன்றரை மில்லிமீட்டர் பருமனில் பட்டைச் சீவல் சுருண்டு விழுந்தது. பால் கசிந்து காடியில் ஓடி மங்கில் சொட்டியது.

"உள்ள பச்சையா ஒரு தோல் இருக்கும் தம்பி. கத்தி அதுல பட்டுச்சுன்னா மரம் புண்ணாயிரும். அப்புறம் பட்டை முடிச்சு முடிச்சா வளரும், அதுல சீவவே முடியாது. பழகுறப்ப கிழட்டு மரத்துலதான் விடுவாங்க."

அந்தப் பச்சைத் தோலுக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதைவிட அதிகமாக விட்டால் பால் குறைந்துவிடும். மருத்துவமனையில் முட்டையின்மேல் ஃபெலோவின் கை நின்ற இடமும் இந்த அம்மாவின் கத்தி நிற்கும் இடமும் ஒன்றாகவே எனக்குத் தெரிந்தன. மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெல்லியதாகச் சீவியெடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்ப் பூங்காவில் ரிட்லி வகுத்தார். அதைக் கையில் வாங்கி நூறாண்டுக்குமேல் தவறாமல் செய்து காட்டியவர்கள் இவர்கள். அந்தத் திறமைக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அவருடைய முதுகைப் பற்றிக் கேட்டேன். மரத்தைத் திறக்கும்போது வெட்டு நெஞ்சுயரத்தில் தொடங்கும். ஆண்டுக்கு ஆண்டு அது கீழே இறங்கும். கடைசி ஆண்டுகளில் முழங்காலுக்குக் கீழே. நூற்றுக்கணக்கான மரங்களுக்கு முன்னால் ஒவ்வொரு விடியலிலும் குனிந்து நிமிர வேண்டும். பிறகு பாலெடுத்து, காண்டாக்கம்பின் இரண்டு முனையிலும் வாளி மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு சேறும் சரிவுமான பாதையில் நடக்க வேண்டும். செம்பனை வந்தபிறகு வேறுவிதம். நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்து குலையை அறுக்கிறார்கள். 20 கிலோ குலையை அள்ளித் தள்ளுவண்டியில் போடுகிறார்கள். முன்பு குனிந்தவர்களின் இடுப்பு போனது. இப்போது அண்ணாந்தவர்களின் கழுத்தும் சேர்ந்து போகிறது.

இந்த உழைப்பைப் பற்றிக் கேட்காமல் படத்தைப் பார்க்கும் பழக்கத்தைத்தான் மூத்தவர் தம் ஃபெலோவிடம் முதலில் திருத்தினார். நோயாளி உள்ளே வந்ததும் எம்ஆர்ஐ படத்தை ஒளிப்பெட்டியில் மாட்டுவது ஃபெலோவின் வழக்கமாக இருந்ததாம். இப்போது படம் உறைக்குள்ளேயே இருக்கிறது. முதல் கேள்வி, என்ன வேலை செய்தீர்கள் என்பது. எந்தத் தோட்டம், மேடா பள்ளமா, எத்தனை வருஷம், குலை தூக்கினீர்களா வாளி தூக்கினீர்களா. அதன்பிறகு நடக்கச் சொல்கிறார், குதிகாலில் நிற்கச் சொல்கிறார், பெருவிரலை அழுத்திப் பார்க்கிறார். "நாப்பது வயசைத் தாண்டின பல பேர் முதுகைப் படமெடுத்தா, வலி இல்லாட்டியும் ஏதாவது ஒரு வட்டு தேய்ஞ்சிருக்கும். படத்துக்கு ஆபரேஷன் பண்ணக் கூடாது" என்றார் மூத்தவர்.

ஆலோசனை அறையில் நான் உட்கார்ந்திருந்த காலையில் வந்தவர்களில் பெரும்பாலோரை அறுவை இல்லாமலே அனுப்பிவைத்தார்கள். இடுப்பிலிருந்து கால்வரை கரண்ட் அடிப்பதுபோல் இழுக்கிறது என்று வந்த ஒரு அக்காவுக்கு மாத்திரையும் உடற்பயிற்சியும் ஆறு வாரக் காத்திருப்பும். அவர் முகம் சுண்டிவிட்டது. கூலிமிலிருந்து மகன் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிவந்திருந்தார். அந்த அக்காவுக்கு ஃபெலோ பொறுமையாகச் சொன்ன கணக்கு, நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. கடுமையான கால்வலி 6 முதல் 12 வாரம் நீடித்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சீக்கிரமே அறுவை, மறுபகுதி காத்திருந்தது. காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்குப் பிறகு அறுவை தேவைப்பட்டது. முதல் பகுதியினருக்கு வலி விரைவில் குறைந்தது உண்மை. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பக்கத்திலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கையையும் மூன்று முறை சொன்னார். சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காருமிடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கத் தொடங்கினாலோ ஆறு வாரம் பார்க்கக் கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். வாசிக்கிறவர்களும் இதை வீட்டில் சொல்லிவைக்க வேண்டுகிறேன். மணிக்கணக்கில் தாமதித்து வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் டியூபோடு இருப்பவர்கள் உண்டு.

மதியம் ஒரு வங்காளதேச இளைஞர் வந்தார். செம்பனைத் தோட்டத் தொழிலாளி. 2019 ஜனவரியிலிருந்து, வேலையில் படும் அடிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்புக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் இவருடையது வேலையில் பட்ட அடி அல்ல. பல மாதமாக நடுமுதுகில் வலி, இரவில் காய்ச்சல், உடல் இளைப்பு. படத்தில் இரண்டு முள்ளெலும்புகள் கரைந்து ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருந்தன. முதுகுக் காசநோய். கால்களில் பலம் இருந்ததால் மருந்துதான் முதல் சிகிச்சை என்று முடிவானது.

இந்த இடத்தில் மூத்தவர் சென்னையைப் பற்றிப் பேசினார். முதுகுக் காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் படுக்கையில் கிடத்திய காலம் ஒன்று இருந்தது. ஹாங்காங்கில் ஹாட்சனும் ஸ்டாக்கும் நெஞ்சுப் பக்கமாகத் திறந்து அழுகிய எலும்பை நீக்கி ஒட்டெலும்பு வைக்கும் அறுவையை 1956இல் வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் கொரியா, ஹாங்காங், ரொடீசியா, சென்னை ஆகிய இடங்களில் நடத்திய ஆய்வுகள், மருந்து சாப்பிட்டுக்கொண்டே நடமாடுகிற நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் குணமாவதைக் காட்டின. அந்தச் சென்னை ஆய்விலிருந்த குழந்தைகளைப் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துத்தான், யாருக்குப் பின்னாளில் கூன் விழும் என்பதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே காட்டும் நான்கு அறிகுறிகளை எஸ். ராஜசேகரன் 2001இல் எழுதினார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் அவரிடம் முதுகுத்தண்டு ஃபெலோஷிப் படிக்கப் பல நாட்டு மருத்துவர்கள் வருகிறார்கள். எல்லாருக்கும் கத்தி வேண்டியதில்லை, இன்னாருக்கு மட்டும் கட்டாயம் வேண்டும் என்று பிரித்துச் சொன்ன அந்த 15 ஆண்டுப் பொறுமையை, எந்தப் புதிய கருவியைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

பெரிய அறுவைகளைப் பார்க்க ஃபெலோ வெளியே போயாக வேண்டும். வளர்ந்துவரும் பிள்ளைகளின் முதுகில் விழும் பக்கவாட்டு வளைவை நிமிர்த்தும்போது, 4, 5 மில்லிமீட்டர் அகலமே உள்ள எலும்புக் காம்புகளுக்குள் திருகு இறக்க வேண்டி வரும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இரண்டு மூத்த நிபுணர்கள் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று இதைச் செய்கிறார்கள். நேரமும் இரத்த இழப்பும் குறைவதாக அவர்களுடைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருவர் களைத்தால் இன்னொருவர் கண் இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் எங்கே போவீர்கள் என்று ஃபெலோவைக் கேட்டேன். கெடாவிலேயே இருக்க விண்ணப்பித்திருக்கிறார். எங்கே அனுப்புவது என்பது அமைச்சின் கையில். பினாங்குத் தனியார் மருத்துவமனைகளின் சம்பளம் என்னவென்று அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். குவாலா கெட்டிலிலோ சிக்கிலோ இருக்கும் ஒருவருக்கு, பஸ் மாறி மாறிப் பினாங்குக்குப் போய்வருவதற்கே ஒருநாள் கூலி போய்விடும். அதனால் பாதியில் சிகிச்சையை விட்டவர்களை அந்தக் காலையிலேயே சந்தித்தேன். இவரைப் போன்ற ஒருவரை இங்கேயே தக்கவைத்துக்கொள்ள மாநிலமும் அமைச்சும் முயல வேண்டும் என்று அழுத்தமாகவே எழுதுகிறேன்.

கெடாவில் போட்டால் என்னென்ன வேண்டும் என்று அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நரம்புக் கண்காணிப்புக் கருவி மூன்றாவது. நுண்ணோக்கி இரண்டாவது. முதல் வரியில், தோட்டங்களுக்கே போய் வரக்கூடிய, தமிழும் மலாயும் பேசத் தெரிந்த இயன்மருத்துவர்கள் இரண்டு பேர்.